மைக் கத்தினால் எந்தக் குமிழைத் தொடுவது?

தோட்டத்து ஆலயத் திருவிழாவானாலும் பட்டணத்து மண்டபத்தில் நடக்கும் ஆண்டுக்கூட்டமானாலும், நிகழ்ச்சி தொடங்கிய சற்று நேரத்தில் ஒலிபெருக்கி 'கீ...' என்று கத்துவதும், யாரோ ஒருவர் ஓடிப்போய்க் கையில் கிடைத்த குமிழைத் திருகுவதும் பழகிப்போன காட்சி. கத்தல் நின்றுவிடும். கூடவே பேச்சாளரின் குரலும் நின்றுவிடும். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டிக் கொண்டிருப்பார்கள்.

இப்போது பல ஆலயங்களும் இயக்கங்களும் நன்கொடை திரட்டிச் சொந்தமாக ஒலி அமைப்பு வாங்கி வைத்திருக்கின்றன. அதை இயக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒரே ஓர் இளைஞராக இருப்பார். அவர் வேலை தேடிக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், மிக்சர் துணி போர்த்திக்கொண்டு அலமாரிக்குள் போய்விடும். மறுபடியும் வாடகைக்கு ஆள் தேட வேண்டியதுதான். 'தொட்டால் கெட்டுவிடும்' என்ற பயமே இதற்குப் பாதிக் காரணம்.

அந்தப் பயம் தேவையில்லை. 12 சேனல் மிக்சரில் நூற்றுக்கும் மேற்பட்ட குமிழ்கள் தெரிந்தாலும், மேலிருந்து கீழாக ஓடும் ஒரே வரிசைதான் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சேனலைப் புரிந்துகொண்டால் பெரும்பாலும் மற்றதும் புரிந்த மாதிரிதான். ஒலி மேலே நுழைந்து கீழே வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உச்சியில் இருப்பவை துளைகள். மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். துளை மைக்குக்கு. அதன் அருகில் உள்ள 6.3 மில்லிமீட்டர் ஜாக் துளை, கீபோர்டு, கைப்பேசி போன்றவற்றுக்கான 'லைன்' வழி. இரண்டும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ட்டின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரம்தான். கீபோர்டிலிருந்து வருவதோ ஏறக்குறைய ஒரு வோல்ட்வரை போகும். கைப்பேசிப் பாட்டை மைக் துளையில் செருகிவிட்டு, ஒலிபெருக்கி கரகரக்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவது வீண்.

அங்கேயே '48 வி' என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். இதைப் பேன்டம் பவர் என்பார்கள். கண்டென்சர் வகை மைக்குக்கு மின்சாரம் தேவை. அது மைக் கம்பி வழியாகவே போகிறது. 1966இல் நார்வே வானொலிக்காக நியூமன் நிறுவனம் செய்துகொடுத்த மைக்கில் தொடங்கிய வழக்கம் இது. அந்த வானொலி நிலையத்தின் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததால் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். மேடையில் கையில் பிடித்துப் பேசும் சாதாரண டைனமிக் மைக்குக்கு இது வேண்டியதில்லை. சரியான கம்பியாக இருந்தால் கெடுதலும் இல்லை. ஆனால் ஃபேடர்களை இறக்கி வைத்த பிறகே இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் 'டம்' என்ற சத்தம் மண்டபத்தையே தூக்கிப் போடும்.

அடுத்து வருவது 'கெய்ன்'. பாதி மிக்சர்களில் இது சிவப்பு நிறத்திலோ வேறு தனி நிறத்திலோ இருக்கும். பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. ஏனென்றால், பலர் இதையும் சத்தம் கூட்டும் குமிழ் என்றே நினைக்கிறார்கள். கெய்ன் என்பது உள்ளே வரும் சிறிய மின்சாரத்தை மிக்சர் வேலை செய்யக்கூடிய அளவுக்கு உயர்த்தும் கருவி. முழுதாகத் திருகினால் பல மிக்சர்களில் 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு, உயரும். அப்படி உயர்த்தியதை மண்டபத்துக்கு எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் கீழே உள்ள ஃபேடர்.

கெய்ன் குறைவாக இருந்தால், பிறகு ஃபேடரை எவ்வளவு ஏற்றினாலும் குரலோடு 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். கெய்ன் கூடிவிட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுக் குரல் கிழியும். அதற்குப் பிறகு ஃபேடரை இறக்கினால் கிழிந்த குரல் மெதுவாகக் கேட்குமே தவிர, சரியாகாது. அடிப்பிடித்த குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாலும் வாடை போவதில்லை அல்லவா?

சரியாக வைக்கும் முறை எளிது. ஃபேடரை இறக்கிவிட்டு, கெய்னை இடப்பக்கம் கடைசிவரை திருப்பி, 'பி.எஃப்.எல்.' பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தச் சேனலின் அளவு மட்டும் மீட்டரில் தெரியும். மைக் முன் நிற்பவர் நிகழ்ச்சியில் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேச வேண்டும். 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று முணுமுணுப்பதும் மைக்கை விரலால் தட்டுவதும் எதையும் சொல்லாது. பேசப் பேச, மீட்டர் 0 அருகில் வரும்வரை கெய்னை மெல்ல ஏற்ற வேண்டும். சிவப்பு 'பீக்' விளக்கு எரியக்கூடாது. சோதனையின்போது அடக்கமாகப் பேசியவர் கூட்டத்தைக் கண்டதும் முழங்குவார்; அதற்காகக் கொஞ்சம் இடம் விட்டே வைப்பது நல்லது.

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கெய்ன் மிகக் குறைவாகவே போதும். சிறு கூடத்தில் மைக்கே தேவைப்படாது. சிரமம் தருவது தேவாரம் பாட வரும் ஏழு வயதுச் சிறுமிதான். பெரியவர் உயரத்துக்கு நிற்கும் மைக்கின் கீழ் நின்று அவள் பாடுவாள். குரல் கேட்கவில்லை என்று கெய்னை ஏற்றுவார்கள். உடனே மைக் கத்தும். குழந்தை பயந்து நிறுத்திவிடும். ஒரு மாதம் வகுப்பில் பயின்ற பதிகம் அத்தோடு போயிற்று. குமிழைத் தொடாமல் மைக் கம்பத்தைத் தாழ்த்தியிருந்தால் போதும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல், அதாவது இரு மடங்கு மின்சாரம், இலவசமாகக் கிடைக்கிறது.

மைக் ஏன் கத்துகிறது என்பதற்கும் விடை இதில்தான். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கில் விழுந்து, மீண்டும் பெருகி, மீண்டும் விழுகிறது. கெய்ன் ஏற ஏறத் தூரத்து ஒலியையும் மைக் இழுத்துக்கொள்கிறது. ஒலிபெருக்கியை மைக்குக்குப் பின்னால் வைத்தாலும், பாடகர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் இதே கதைதான். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 3 டெசிபல் இடம் பறிபோகிறது. ஒருவர் பேசும்போது மேசையில் நான்கு மைக் திறந்திருக்க வேண்டியதில்லை. மற்ற மூன்றுக்கும் 'மியூட்' பொத்தான் இருக்கிறது.

கெய்னை அடுத்து 'லோ கட்'. 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டிவிடும். மின்விசிறிக் காற்று, பலகை மேடையில் நடக்கும் அதிர்வு, 'ப' சொல்லும்போது வரும் ஊதல் எல்லாம் அதில் குறையும். மனிதக் குரல் வரும் சேனல்களில் எப்போதும் அழுத்தி வைக்கலாம். உறுமிக்கும் தவிலின் தொப்பிப் பக்கத்துக்கும் அழுத்தக்கூடாது. அவற்றின் உயிரே அந்தக் கீழ் ஒலியில் இருக்கிறது.

ஈக்யூ குமிழ்கள் மூன்று: உயர், நடு, கீழ். நேர் மேலே பார்த்து நின்றால் மாற்றம் எதுவும் இல்லை என்று பொருள். கார் ஒலி அமைப்பின் பழக்கத்தில் கீழ்க்குமிழை முழுதாக ஏற்றி 'பூம் பூம்' என்று வைப்பது பலருக்குப் பெருமையாக இருக்கிறது. பேச்சுக்கு அது எமன். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கின்றன. வயதானால் காது முதலில் இழப்பதும் உயர்ந்த ஒலிகளையே. ஆகவே தாத்தா பாட்டிக்குச் சொற்பொழிவு புரிய வேண்டுமானால் கீழ்க்குமிழைச் சற்றே இறக்க வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவது எப்போதும் பாதுகாப்பு.

'ஆக்ஸ்' குமிழ், மேடையில் பாடுபவர் தன் குரலைக் கேட்கும் சிறிய ஒலிபெருக்கிக்கோ எக்கோ கருவிக்கோ ஒலியைப் பிரித்து அனுப்பும் கிளை வழி. பாட்டுக்குச் சிறிது எக்கோ அழகு. அன்னதான அறிவிப்புக்கு எதற்கு? 'பேன்' குமிழ் இடம் வலம் பிரிப்பது. பேச்சுக்கு நடுவிலேயே இருக்கட்டும்.

கடைசியில் ஃபேடர். கெய்ன் சரியாக இருந்தால் இது 0 குறியை ஒட்டியே நின்று வேலை செய்யும். நடுநிகழ்ச்சியில் மைக் கத்தினால் அந்தச் சேனலின் ஃபேடரைத்தான் கொஞ்சம் இறக்க வேண்டும். கெய்னைத் தொட்டால் மேடை ஒலிபெருக்கியின் அளவும் சேர்ந்து மாறிவிடும், பாடகர் திணறுவார். எந்தச் சேனல் யாருடையது என்று ஃபேடருக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்தால் பதற்றத்தில் கை தவறாது.

தொடங்கும்போது முதலில் மிக்சர், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப், பிறகே மிக்சர். மாற்றிச் செய்தால் எழும் 'டப்' என்ற அடி, ஒலிபெருக்கியின் ட்வீட்டரைப் பதம் பார்த்துவிடலாம்.