மின்சாரம் போய் வந்தபின்

பீன்யாத் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பணிபுரியும் நேயர்கள் நன்கறிந்த காரியம் ஒன்று உண்டு. மின்சாரம் தடைப்பட்டு மீண்டதும் சி.என்.சி. இயந்திரத்தை அப்படியே வேலையில் விடமாட்டார்கள். பழைய வகை இயந்திரமாயின், ஒவ்வோர் அச்சையும் அதன் மூலப்புள்ளிக்குக் கொண்டுபோய் நிறுத்திய பின்னரே அடுத்த வேலை. வெட்டுக்கருவி எங்கே நிற்கிறது என்பதை இயந்திரம் மறந்துவிட்டிருக்கும். தவறான கணக்கோடு ஓடவிட்டால் கருவி முறியும். அருகில் கை இருந்தால் கைக்கும் ஆபத்து.

கணிப்பொறியின் செயலிக்கும், அதாவது பிராசஸருக்கும், இத்தகைய மூலப்புள்ளி உண்டு. 1978-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 செயலியின் ரீசெட் முனையில் மின்குறி பட்டதும், அதன் முக்கியப் பதிவகங்கள் குறித்த மதிப்புகளுக்குத் திரும்பும். பின்னர், ஒரு மெகாபைட் நினைவகத்தின் உச்சிக்கு 16 பைட் கீழே உள்ள இடத்தில் அது முதல் கட்டளையைத் தேடும்.

இன்றோ ஒரே பெரிய கணிப்பொறிக்குள் பல மெய்நிகர் கணிப்பொறிகள் ஓடுகின்றன. ஒரு வளவுக்குள் பல குடித்தனங்கள் இருப்பதைப் போல. அவற்றுள் ஒன்று மறுதொடக்கம் வேண்டினால், உண்மைச் செயலியின் ரீசெட் முனையைத் தொடலாகுமா? தொட்டால் வளவு முழுவதும் இருண்டுபோகும். ஆதலால் ஹைப்பர்வைசர் என்னும் மேற்பார்வை நிரலே, அந்த ஒரு குடித்தனத்துக்குரிய பதிவகங்களில் தொடக்க மதிப்புகளை எழுதிவைக்க வேண்டும். 2007-இல் லினக்ஸ் 2.6.20 பதிப்பில் சேர்ந்த கே.வி.எம். ஏற்பாட்டிலும், அதனுடன் இயங்கும் கியூஎமு நிரலிலும், இதற்கென்றே தனிப் பகுதிகள் உள்ளன.

வன்பொருளில் ஒரு கம்பி செய்த வேலையை இங்கே எழுத்து செய்கிறது. எழுத்தில் மறதி நேர்வது இயல்பு. பழைய ஓட்டத்தில் காத்திருந்த குறுக்கீட்டுக் குறி ஒன்று துடைக்கப்படாமல் தங்கிவிட்டால், அதை ஏற்க இன்னும் ஆயத்தமாகாத புதிய ஓட்டம் குலைந்து விழும். செயலிகள் பல இருப்பின், முதற்செயலி எழுப்பும் வரை ஏனையவை உறங்கவேண்டும். அவற்றுள் ஒன்று உறங்காமல் பழைய வேலையையே தொடர்ந்தால், புதிய ஓட்டம் எழுதுவதை அது அழித்துக்கொண்டிருக்கும். நினைவகம் ரீசெட்டினால் துடைக்கப்படுவதில்லை என்பதையும் இங்கே கருதவேண்டும்.

இவ்வகைப் பிழை எப்போதோ ஒருமுறைதான் தலைகாட்டும், அதுவே பெருந்தொல்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் வேளையில் வங்கியின் கணிப்பொறி அப்படி நின்றால், காத்திருப்பவர் நாம்தாமே!

மறுதொடக்கத்தில் தொங்கிய மெய்நிகர் கணிப்பொறியை அறவே நிறுத்திப் புதிதாகத் தொடக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போது பழைய பதிவகங்கள் திருத்தப்படுவதில்லை, புதியனவே உண்டாக்கப்படுகின்றன.