ஹாங்காங்கில் குடியாட்சி முயற்சி

ஓர் அரசினர் தம் ஆட்சியைக் கைவிட்டுச் செல்லுந் தறுவாயில் அளிக்கும் குடியாட்சி நிலைபெறுமோ? இவ்வினாவிற்கு ஹாங்காங்கின் சரித்திரம் விடை பகரும்.

1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1898-இல் அதனையடுத்த நிலப்பரப்பு 99 வருஷக் குத்தகையாகப் பெறப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக அதன் சட்டசபையில் கவர்னர் நியமித்தோரும் உத்தியோகஸ்தருமே வீற்றிருந்தனர். 1946-இல் கவர்னர் மார்க் யங் வகுத்த சீர்திருத்தத் திட்டமும் 1952-இல் கைவிடப்பட்டது.

1984-இல் இரு தேசத்தாரும் கையொப்பமிட்ட பிரகடனம், 1997 ஜூலை 1-ஆம் தேதி இராஜாதிகாரம் சீனாவைச் சேருமென விதித்தது. மாறுதல்கள் விரைந்தது இதன் பின்னரே. 1985-இல் தொழிற் பிரிவினரும் உள்ளூர்ச் சபையினரும் 24 அங்கத்தினரைத் தெரிந்தெடுத்தனர். 1991-இல் 60 ஸ்தானங்களுள் 18-க்கு ஜனங்கள் நேராக வாக்களித்தனர். 1992-இல் வந்த கவர்னர் கிறிஸ் பாட்டன் காலத்தில் வாக்குரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. தொழிற் பிரிவுகளின் வாக்காளர் தொகையும் பெருகிற்று. 1995-இல் சபை முழுவதும் தேர்தலாலேயே அமைந்தது.

ஆயினும் இச்சீர்திருத்தங்களுக்குச் சீனா இணங்கவில்லை. ஆகவே 1997-இல் அச்சபை நீங்கி, தற்காலிகச் சபையொன்று அமர்ந்தது. 1998-இல் புதிய விதிகளின்படி தேர்தல் நடைபெற்றது. 2021-இல் சபையின் ஸ்தானங்கள் 90-ஆக உயர்ந்தபோது, நேர்த் தேர்தலுக்குரியவை 35-லிருந்து 20-ஆகக் குறைந்தன.

நூற்றைம்பது வருஷம் மறுத்து வைத்த உரிமையைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வேரூன்றச் செய்தல் அரிது. அடுத்து ஆள வருவோரின் உடன்பாடின்றி அதனைக் காத்தல் அதனினும் அரிது. இவ்விரு குறைகளாலும் நேர்ந்த நஷ்டம், ஆண்டு சென்றோரையன்றி, வாக்களித்த ஜனங்களையே சார்ந்தது.