பழைய தேரும் புதிய சக்கரமும்

மோட்டார் வண்டி என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதற்காக ஏற்பட்டது என்பது உலகத்தாரின் பொதுவான அபிப்பிராயம். ஆனால் இங்கிலாந்து தேசத்தில் இந்த அபிப்பிராயத்துக்கு முற்றிலும் மாறுபட்ட ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். வண்டி என்பது கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும், பிறகு மறுபடியும் கழற்றுவதற்குமே ஏற்பட்டது என்பது அவர்களுடைய சித்தாந்தம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கொட்டகை. அதற்குள் ஐம்பது அறுபது வயதான, இருவர் மட்டுமே அமரக்கூடிய, துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. அதன் வயிற்றுக்கடியில் எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் மல்லாந்து கிடக்கும் கனவான் ஒருவர். சனி ஞாயிறுகளில் அத்தேசத்தின் ஊர்கள் பலவற்றில் இந்தக் காட்சியைக் காணலாம்.

இவர்கள் வெறுமனே ரிப்பேர் செய்கிறவர்கள் அல்லர். வண்டியைச் செய்த கம்பெனி விட்ட குறையைத் தாங்கள் நிறைவு செய்வதாக நினைப்பவர்கள். பழைய பிரேக்கை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். நாலு கியருக்குப் பதில் ஐந்து கியர் அமைக்கிறார்கள். சிலர் யந்திரத்தையே மாற்றி விடுகிறார்கள். இது கூடாது, பழம்பொருளைப் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்று கண்டிக்கும் மற்றொரு சாராரும் உண்டு. இரண்டு கட்சிக்கும் நடுவே உள்ள நியாயம் என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றத்தில் பிறந்த குலம்

இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகவும் பிரசித்தமான பெயர் எம்.ஜி. என்பது. இவ்விரண்டு எழுத்துக்களின் விரிவு மாரிஸ் கராஜ். அதாவது ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவருக்குச் சொந்தமாயிருந்த வண்டி விற்பனைச் சாலை. 1922-ஆம் வருஷத்தில் அதன் நிர்வாகியான ஸெஸில் கிம்பர் என்பவர், சாதாரணக் குடும்ப வண்டியாகிய மாரிஸ் வண்டியை எடுத்துக்கொண்டு, அதன் மேற்கூட்டை மாற்றி அழகான உடல் அமைத்து, ஓட்டத்தையும் சீர்திருத்தி விற்கத் தொடங்கினார். 1925-ல் தாமே அப்படிச் செய்த ஒரு வண்டியை ஓட்டிச் சென்று, லாண்ட்ஸ் எண்ட் சோதனை ஓட்டத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். 1929-ல் தொழிற்சாலை ஆபிங்டன் என்ற ஊருக்குச் சென்றது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் எம்.ஜி. என்றால் ஆபிங்டன், ஆபிங்டன் என்றால் எம்.ஜி. என்று ஆயிற்று.

ஆகவே, எம்.ஜி. என்ற குலமே வேறொரு வண்டியைத் திருத்தியதால் பிறந்தது. "எம்.ஜி. வண்டியில் கை வைக்காதே!" என்று முழங்குகிறவர்கள் இந்தப் பூர்வ கதையைச் சற்று நினைவில் கொள்வது நல்லது.

ஐந்து லட்சம் வண்டிகள்

இந்தக் குலத்தில் அதிகமாகப் பெருகிய சந்ததி எம்.ஜி.பி. 1962-ல் வெளிவந்து, 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையின் கதவு அடைபடும் வரையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. நாலு சிலிண்டர், 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, சுமார் 95 குதிரைச் சக்தி, மணிக்கு 100 மைலைச் சற்றே தாண்டக்கூடிய வேகம். அந்த நாளில் இது பாராட்டத் தக்கதாகவே இருந்தது.

ஆனால் பதினெட்டு வருஷ காலத்தில் கம்பெனி செய்த அபிவிருத்தி மிகவும் கொஞ்சம். செய்த மாறுதல்களிலும் சில அபிவிருத்தி என்ற பெயருக்கே ஏற்றவை அல்ல. அமெரிக்க சர்க்கார் விதித்த சட்டங்களுக்கு இணங்குவதற்காக, 1974-ல் பளபளக்கும் குரோமியம் பம்பரை எடுத்துவிட்டுத் தடித்த கறுப்பு ரப்பர் பம்பரைப் பொருத்தினார்கள். சட்டம் கேட்ட உயரத்துக்காக வண்டியையே தரையிலிருந்து தூக்கினார்கள். உயர்ந்த வண்டி வளைவுகளில் சாயத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இரண்டு கார்புரேட்டர்களுக்குப் பதில் ஒன்றே வைத்ததால், சக்தியும் ஏறத்தாழ 60 குதிரைக்கு இறங்கிவிட்டது. குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதைதான்!

கம்பெனி நின்ற இடத்தில் உடையவர்கள் நடக்கத் தொடங்கியதில் வியப்பில்லை அல்லவா?

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

புதிதாக இந்த வித்தையில் இறங்கும் இளைஞர்கள் செய்கிற முதற் காரியம், யந்திரத்தின் சக்தியைக் கூட்டுவது. அனுபவசாலிகள் செய்கிற முதற் காரியம் வேறு. அவர்கள் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, கதவுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதியைக் குத்திப் பார்க்கிறார்கள். எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடம்பும் சட்டமும் ஒன்றே. திறந்த வண்டிக்கு மேலே கூரையின் பலமும் இல்லை. ஆகையால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் பாரம் பெரும்பாலும் இந்தப் பகுதியின்மேல் விழுகிறது. இங்கிலாந்தின் மழையும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இதைத்தான் முதலில் தின்கின்றன. இது துருப்பிடித்திருக்க, யந்திரத்துக்கு வேகம் ஏற்றுவது செல்லரித்த கட்டிலில் யானையை ஏற்றுவதற்குச் சமானம்.

அடுத்தது பிரேக். ஆரம்ப கால வண்டிகளில் நாலு சக்கரத்துப் பிரேக்குகளுக்கும் எண்ணெய் செல்லும் பாதை ஒன்றே. எங்காவது ஒரு குழாய் பிளந்தால் நாலும் ஒருங்கே கையை விரித்துவிடும். ஒரு பாதை கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும்படி இரட்டைப் பாதை அமைத்துக்கொள்வது வேகத்தைக் கூட்டுவதில்லை, பார்வைக்கும் தெரிவதில்லை. ஆயினும் உயிரைக் காக்கிற மாறுதல் இது. பெருமை பேசுவதற்கு உதவாத இத்தகைய காரியங்களில் பணம் செலவிடுகிறவனே உண்மையான ரசிகன் என்போம்.

பிறகு மின்சாரம். இந்த வண்டிகளின் மின்சாரச் சாமான்களைச் செய்தது பர்மிங்ஹாமில் இருந்த லூகாஸ் கம்பெனி. "இருளின் இளவரசர்" என்று ரசிகர்கள் அதற்குச் சூட்டிய பட்டம் உலகப் பிரசித்தம். நியாயமாகப் பார்த்தால், குற்றத்தில் பாதி அரை நூற்றாண்டு ஈரத்தில் ஊறிய இணைப்புக்களையே சேரும். 1967 வரையில் வந்த வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலத்து ரேடியோ முதலியவற்றுக்கு இது ஒத்துவராது. ஆகையால் முனைகளை மாற்றி, டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வைத்து, ஆசனத்துக்குப் பின்னே ஒளிந்திருந்த இரண்டு ஆறு வோல்ட் பாட்டரிகளுக்குப் பதில் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். தீப்பொறி மூட்டும் பழைய பாயிண்டுகளுக்குப் பதில் எலெக்ட்ரானிக் சாதனம் வைப்பதும் சகஜமாகிவிட்டது. டப்பி அளவே உள்ள இந்தச் சாதனம், மழைநாட் காலையில் வண்டியைக் கிளப்புவதில் மந்திரம்போல் வேலை செய்கிறது.

அதிர்ச்சி தாங்கும் ஷாக் அப்ஸார்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெம்புகோல் போன்ற பழைய அமைப்பை எறிந்துவிட்டுக் குழாய் வடிவமான புதியதைப் போடும் வழக்கம் மிகுதி. பழையதையே நன்றாகச் செப்பனிட்டால் ஏறக்குறைய அதே சுகம் கிடைக்கிறது என்பது விஷயம் அறிந்தவர்கள் பலருடைய கருத்து. தேய்ந்த பழையதோடு புத்தம் புதியதை ஒப்பிட்டால் புதியது ஜயிப்பதில் என்ன அதிசயம்?

யந்திரத்தின் மூச்சு

இவ்வளவும் முடிந்த பிறகுதான் யந்திரத்தின் முறை வருகிறது. யந்திரத்தின் சக்தி அது விடும் மூச்சில் இருக்கிறது. எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து, எரிந்த புகையை எவ்வளவு விரைவில் வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு சக்தி. எம்.ஜி.பி.யின் நாலு சிலிண்டர்களுக்குக் காற்றுப் புகும் துவாரங்கள் இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒண்டுக் குடித்தனத்தில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை வருவதுபோல் இங்கேயும் ஒரு நெருக்கடி உண்டு. இந்தப் பாதைகளைக் கைவேலையால் இழைத்து வழவழப்பாக்கி, வால்வுகளைப் பெரிதாக்கி, புகைக்குழாயையும் மாற்றினால், அதே யந்திரம் குறிப்பிடத் தக்க அளவுக்கு அதிகச் சக்தி தருகிறது. சிலிண்டர்களைக் குடைந்து கொள்ளளவை 1,950 கன சென்டிமீட்டருக்கு உயர்த்துவோரும் உண்டு.

ஆயினும் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் காம்ஷாஃப்டை மிகவும் உக்கிரமானதாகப் போட்டுவிட்டால், மேல் வேகத்தில் புலியாய்ப் பாயும் வண்டி, கடைத்தெரு நெரிசலில் இருமிக்கொண்டு நிற்கும். பந்தய மைதானத்துக்கும் பட்டணத்துச் சாலைக்கும் ஒரே மருந்து உதவாது.

சில மாறுதல்கள் ஆசையால் அன்றிக் காலத்தின் கட்டாயத்தால் வந்தவை. ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 1999-ஆம் வருஷக் கடைசியோடு நின்றது. அந்த ஈயம் வால்வு அமரும் இடத்துக்கு ஒரு கவசம்போல் இருந்தது. கவசம் போனபின், கடினமான உலோக வளையங்களை அங்கே பதிக்க வேண்டியதாயிற்று. 2021-ல் பத்து சதவிகிதம் வரை எதனால் கலந்த பெட்ரோல் வந்தது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுப்பதால் அவற்றையும் மாற்ற நேர்ந்தது. பழையபடியே வைத்திருப்பேன் என்று விரதம் பூண்டவர்களுங்கூட இந்த இரண்டு விஷயத்தில் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்கு வழி காட்டிய தனிமனிதர்

திருத்துவோர் வரலாற்றில் ஒரு ருசிகரமான அத்தியாயம் கென் காஸ்டெல்லோ என்பவருடையது. கம்பெனியார் 1967-ல், மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் இரும்பு யந்திரத்தை எம்.ஜி.பி.யின் உடம்பில் வைத்து எம்.ஜி.சி. என்று வெளியிட்டார்கள். மூக்கு கனத்துப் போயிற்று என்று பத்திரிகைகள் குறை கூறின. சுமார் 9,000 வண்டிகளோடு, 1969-ல் அது மறைந்தது.

அச்சமயத்தில் வேறொரு யந்திரம் இங்கிலாந்திலேயே இருந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பியூயிக் முதலிய வண்டிகளுக்காகச் செய்து, பிறகு வேண்டாமென்று கைவிட்ட எட்டுச் சிலிண்டர் அலுமினிய யந்திரம் அது. அதன் உரிமையை ரோவர் கம்பெனி 1965-ல் வாங்கியிருந்தது. மூன்றரை லிட்டர் கொள்ளளவு. ஆனால் அலுமினியமாதலால் எம்.ஜி.பி.யின் நாலு சிலிண்டர் இரும்பு யந்திரத்துக்கு ஏறக்குறையச் சமமான எடை. இதை எம்.ஜி.பி.யில் வைத்தால் என்ன என்று காஸ்டெல்லோவுக்குத் தோன்றியது. வைத்தார்; வண்டி பறந்தது. 1970-களின் தொடக்கத்தில் அப்படி மாற்றிய வண்டிகளை விற்கவும் செய்தார்.

பெரிய கம்பெனி விழித்துக்கொண்டது. 1973-ல் தானும் அதே யந்திரத்தை வைத்து எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 என்று வெளியிட்டது. மணிக்கு 120 மைலுக்கு மேல் ஓடிய வண்டி அது. ஆனால் அவ்வருஷமே எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. 2,591 வண்டிகளோடு 1976-ல் கதை முடிந்தது. எத்தனையோ என்ஜினீயர்களைக் கொண்ட ஒரு ஸ்தாபனம், ஒரு சிறிய பட்டறையைப் பின்பற்றி நடந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

எதுவரை பழையது?

இப்பொழுது யந்திரத்தையே எடுத்துவிட்டு மின்சார மோட்டாரும் பாட்டரியும் வைக்கும் காலம் வந்திருக்கிறது. 1961-ல் பிறந்த ஜாகுவார் ஈ-டைப் இனத்தைச் சேர்ந்த வண்டி ஒன்றை, ஜாகுவார் கம்பெனியாரே 2017-ல் மின்சார வண்டியாக்கிக் காட்டினார்கள். 2018-ல் இளவரசர் ஹாரியின் விவாகத்தன்று தம்பதிகள் ஏறிச் சென்றது அத்தகைய வண்டியில்தான். புகையில்லை, சத்தமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்காகவே வண்டியை நேசித்தவர்கள், நாதஸ்வரம் இல்லாத கல்யாணம்போல் இருக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனமும் இத்தகைய மாற்றத்தைச் சரித்திர வண்டி என்ற வரிசையில் சேர்க்க விரும்பவில்லை. பிரிட்டிஷ் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு வருஷாந்தரப் பரீட்சையிலிருந்து 2018 முதல் விலக்கு அளித்தபோது, பெரிய அளவில் உருமாறிய வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டது.

நம்முடைய தீர்ப்பு என்னவென்றால், பொருள் எவ்வளவு அரியதோ அவ்வளவு தயக்கத்துடன் அதில் கை வைக்க வேண்டும். உலகத்தில் பத்தே வண்டிகள் இருக்குமாயின் அவை சரித்திரத்தின் சொத்து, நம்முடையவை அல்ல. ஐந்து லட்சம் செய்யப்பட்ட வண்டியில் ஒன்றைத் திருத்துவதால் சரித்திரம் குறைந்து போகாது. அங்கும் ஒரு தர்மம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு வருகிறவன் மறுபடி மாட்ட விரும்பினால் மாட்டக்கூடியவாறு இன்றைய வேலை இருக்க வேண்டும். வெட்டியும் ஒட்டியும் செய்கிற வேலையைவிட, திருகி மாட்டுகிற வேலை எப்பொழுதும் மேலானது.

நமக்கு என்ன சம்பந்தம்?

சீமை வண்டிக் கதை நமக்கெதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் நாம் நினைப்பதைவிட நெருங்கியது. 2014 வரையில் நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாஸடர் காரில் நெடுங்காலம் இருந்த 1,489 கன சென்டிமீட்டர் யந்திரம், எம்.ஜி.பி. யந்திரத்தின் சொந்த மூத்த சகோதரன். 1990-களில் அதே அம்பாஸடரில் ஜப்பானிய ஈசூசு யந்திரம் ஏறியது. அதுவும் இதே வித்தைதான். 1961 முதல் சென்னைக்கருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கித்தான், இங்கிலாந்தில் டிரயம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் தகப்பனார்கள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போன வண்டியும், அங்கே வாலிபர்கள் வளைவுகளில் பறந்த வண்டியும் பங்காளிகள்!

அவை இரண்டும் இன்று தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. ஆயினும் நம் ஊர்ப் பட்டறைகளில் அவற்றைத் தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடிய முதிய மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. பழைய வண்டியைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள், முதலில் அந்த வித்தையைக் காப்பாற்ற வேண்டும். பாகங்களை எங்கிருந்தாவது வரவழைத்துக்கொள்ளலாம். கையை வரவழைக்க முடியாது.