கணிப்பொறிக் கோப்புகளைப் படியெடுத்துக் காத்தல்

அறிவைத் தேடிச் சேர்ப்பது ஒரு பணி. சேர்த்ததைச் சிதையாமல் காப்பது மற்றொரு பணி. முன்னதற்குக் கல்லூரிகளும் நூலகங்களும் வழிகாட்டுகின்றன. பின்னதைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று மாணவர்தம் ஆய்வேடுகளும், ஆசிரியர்தம் பாடக் குறிப்புகளும், துறைகளின் மதிப்பெண் பதிவேடுகளும், ஊர்ப் பெரியவர்கள் பேணும் அறக்கட்டளைக் கணக்குகளும் கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டன. அவற்றுள் பல, வேறெங்கும் மறுபடி இல்லாத ஒற்றைப் பிரதிகளாகவே உள்ளன. அந்த ஒன்று அழியுமாயின் மூன்றாண்டு உழைப்பும் அதனோடு அழியும்.

இதனைத் தடுக்கும் வழிகள் இரண்டு. கோப்புகளைப் படியெடுத்து வேறிடங்களில் வைத்தல் ஒன்று. இயங்க மறுக்கும் கணிப்பொறியை எழுப்பவல்ல மீட்புப் பென் டிரைவ் ஒன்றை முன்னரே ஆக்கி வைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது. மீட்புப் பென் டிரைவ் கணிப்பொறியை எழுப்புமேயன்றி நம் கோப்புகளைத் தாராது. கோப்புகளின் படி நம் எழுத்தைத் தருமேயன்றிக் கணிப்பொறியை எழுப்பாது. இரண்டும் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடு பெயர்த்தெழுதிய மரபு

படியெடுத்துக் காத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை நிலையான பொருளன்று. ஈரமும் செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆதலின் ஓர் ஏடு நைந்து போகுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைத்தனர் நம் முன்னோர். அவ்வாறு எழுதப்பட்ட படிகள் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் பல ஊர்களில் பரவிக் கிடந்தன. உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடங்களினின்றும் பெற்ற சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தை வரையறுத்தார். ஒன்றில் சிதைந்த இடத்தை மற்றொன்று நிரப்பியது.

இதன் மறுபக்கத்தை 1981ஆம் ஆண்டு கண்டோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. வேறிடங்களில் படி இருந்த நூல்களைத் திரும்பத் தேடிக்கொள்ளலாம். மறுபடி இல்லாத ஓலைகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் எவராலும் தேடித் தர இயலாது. படிகள் பல வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில் இருக்கவும் வேண்டும். கணிப்பொறிக்கும் இந்நெறியே பொருந்தும்.

கோப்புகள் அழியும் வழிகள்

வன்தட்டு தேய்ந்து பழுதுறுதல் முதல் வழி. பழைய வன்தட்டு சில வேளை ஓசை எழுப்பியும் வேகம் குன்றியும் தன் நலிவை உணர்த்தும். இன்றைய மடிக்கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றியே நின்றுவிடக்கூடும். கைத்தவறாக அழித்தல் இரண்டாவது. திருட்டு, தீ, வெள்ளம் ஆகியன மூன்றாவது. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் புகுந்தபோது, தரைத்தளத்து மேசைமேல் இருந்த கணிப்பொறியும் அதனருகே இருந்த படியும் ஒருசேர மூழ்கும் என்பது விளங்கிற்று.

நான்காவது வழி பணயத் தீநிரல். இது கோப்புகளைப் பூட்டெழுத்தாக மாற்றிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கேட்கும். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்னும் தீநிரல் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. இத்தகைய தீநிரல்கள் கணிப்பொறியோடு இணைந்திருக்கும் வெளி வன்தட்டையும் பூட்டிவிட வல்லன. எனவே எப்போதும் செருகியே வைத்திருக்கும் படி, இதற்கு எதிரான காப்பு ஆகாது.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் குரோ என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சேமிப்பு ஊடகங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்க்கு இதனைப் பின்வருமாறு அமைக்கலாம். மடிக்கணினியில் மூலம், வாரம் ஒருமுறை இணைத்துப் படியெடுத்தபின் கழற்றி வைக்கும் வெளி வன்தட்டு, மேகச் சேமிப்பு எனப்படும் இணையச் சேமிப்பில் ஒரு படி. இணைய வசதி குன்றிய ஊரினர் மூன்றாவது படியை மற்றொரு வன்தட்டில் எடுத்து உறவினர் வீட்டில் வைக்கலாம்.

இணையச் சேமிப்பைப் பற்றி ஒரு நுட்பம் அறியத்தக்கது. கணிப்பொறியில் உள்ள கோப்புறையும் இணையத்தில் உள்ள கோப்புறையும் எப்போதும் ஒத்திருக்குமாறு செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கும் அழியும்; இங்கே கெட்டால் கெட்டதே அங்கும் செல்லும். சில நாள் வரை பழைய நிலையை மீட்டுத் தரும் வசதி அச்சேவைகளில் உண்டெனினும், அதனை மட்டும் நம்புதல் தகாது. அழிந்ததும் மாறியதும் தொடாத தனிப்படியே உண்மையான காப்பாகும். விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்னும் வசதியை வெளி வன்தட்டோடு பொருத்தி வைத்தால், ஒரு கோப்பின் பழைய வடிவங்களை நாள்வாரியாகச் சேர்த்து வைக்கும். இவ்வசதியைப் பயன்படுத்தாதோர், கோப்பின் பெயரோடு தேதியையும் சேர்த்து எழுதித் தனித்தனியே சேமிக்கும் பழக்கத்தை மேற்கொள்ளலாம்.

சோதித்துப் பாராத படி

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நேர்ந்தது ஈண்டு நோக்கத்தக்கது. அங்குள்ள மீக்கணிப்பொறியின் கோப்புகளைப் படியெடுக்கும் நிரலே பிழையாகத் திருத்தப்பட்டதனால், பழைய பதிவுக் குறிப்புகளை மட்டும் நீக்க வேண்டிய அந்நிரல் ஆய்வாளர்தம் கோப்புகளை நீக்கிவிட்டது. ஏறத்தாழ 77 டெராபைட் அளவுள்ள 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க இயலவில்லை. காவற்காரனையும் கண்காணிக்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

எனவே மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும், படியில் உள்ள ஏதேனும் ஒரு கோப்பை வேறொரு கணிப்பொறியில் திறந்து, முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை புரட்டிப் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி இருக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

தமிழ்க் கோப்புகளுக்கு உரிய தனிக் கவனம்

தமிழ்த்துறையினர்க்கு இங்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. 1990களில் தட்டெழுதப்பட்ட தமிழ்க் கோப்புகள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அமைப்பைக் கொண்டிருந்தது. 1999ஆம் ஆண்டு தமிழக அரசு டாப், டாம் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறிக்கு முற்பட்ட கோப்பினை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். கோப்பு அழியவில்லை, ஆயினும் படிக்க இயலவில்லை. படிக்க இயலாத கோப்பால் பயனென்ன?

ஆதலின் பழைய கோப்புகளைக் காப்போர் மூன்று செயல்களை மேற்கொள்ளல் வேண்டும். முதலாவது, அக்கோப்போடு அதன் எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுத்தல். இரண்டாவது, எழுத்துருக்கள் உள்ளடங்கிய பி.டி.எஃப். வடிவில் ஒரு படி ஆக்குதல். மூன்றாவது, எழுத்துரு மாற்றிகளின் துணைகொண்டு ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்புத் திருத்துதல். பழைய மலர்களின் கட்டுரைகளையும் முந்தைய ஆய்வேடுகளையும் உடைய துறைகள் இப்பணியை மாணவர்க்குப் பயிற்சியாகவே அளிக்கலாம்.

கணிப்பொறி எழாதபோது

இனி, இரண்டாம் வழியாகிய மீட்புப் பென் டிரைவைக் காண்போம். மின்விசையை அழுத்தியவுடன் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் விழித்தெழுந்து, இயக்குதளம் எங்குளது என்று தேடும். வழக்கமாக அது உள்ளே இருக்கும் வன்தட்டில் கிடைக்கும். அங்கே இயக்குதளம் சிதைந்திருந்தால் கணிப்பொறி எழாது. அப்போது பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு அந்நிரலுக்குக் கட்டளையிடலாம். இதற்கு அப்பென் டிரைவ் உரிய முறைப்படி ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். விண்டோஸ் கோப்புறையை வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் அது கணிப்பொறியைத் தொடக்காது.

இதன் இன்றியமையாமையை 2024 ஜூலை 19ஆம் நாள் உலகம் உணர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் திகைத்தன. பழுது ஒரு சிறு கோப்பில்தான் இருந்தது. ஆயினும் கணிப்பொறி எழாததால் அக்கோப்பை நீக்குதல் அரிதாயிற்று. பல கணிப்பொறிகளை ஒவ்வொன்றாக மீட்பு நிலையில் தொடங்கிச் சீர்செய்ய நேர்ந்தது. அதற்கெனப் பென் டிரைவில் இட்டுத் தொடங்கும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது.

மீட்புப் பென் டிரைவ் ஆக்கும் முறை

கணிப்பொறி நன்னிலையில் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும். குறைந்தது 16 ஜி.பி., இயலுமாயின் 32 ஜி.பி. கொள்ளளவுள்ள பென் டிரைவ் தேவை. அதில் உள்ளவை யாவும் அழிக்கப்படும். ஆதலின் வெற்றுப் பென் டிரைவையே எடுத்துக்கொள்க. விண்டோஸின் தேடற்பெட்டியில் 'ரெகவரி டிரைவ்' என ஆங்கிலத்தில் தட்டெழுதினால் அதற்குரிய கருவி தோன்றும். அதனைத் திறந்து, இயக்குதளக் கோப்புகளையும் சேர்க்கலாமா எனக் கேட்கும் கட்டத்தில் குறியிடுக. குறியிட்டால்தான் அப்பென் டிரைவைக் கொண்டு விண்டோஸை மீளவும் நிறுவ இயலும். பின்னர்ப் பென் டிரைவைத் தேர்ந்து பணியைத் தொடங்கலாம். இது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகக்கூடும். முடிந்தபின் கணிப்பொறியின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டுக. ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக ஆக்கிக்கொள்வது நன்று.

தேவை நேரும்போது, அதனைச் செருகி மின்விசையை அழுத்தியவுடன் தொடக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்த வேண்டும். இவ்விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகியன பரவலானவை. தம் கணிப்பொறிக்கு உரிய விசை எது என்பதை இன்றே அறிந்து அச்சீட்டில் குறித்து வைத்தல் அறிவுடைமை. மீட்புப் பென் டிரைவ் ஆக்குமுன்னரே கணிப்பொறி பழுதுற்றுவிடின், வேறொரு கணிப்பொறியின் வழியே மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கருவியை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் இட்டுப் பயன்படுத்தலாம்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. மீட்புப் பென் டிரைவிலிருந்து விண்டோஸை முழுவதும் மீளநிறுவத் தேர்ந்தால், கணிப்பொறியில் உள்ள நம் கோப்புகளும் நாம் சேர்த்த மென்பொருள்களும் நீங்கிவிடும். எனவே முதலில் தொடக்கப் பழுதுநீக்கம் முதலிய எளிய வழிகளை முயலுக. படியெடுக்காத கோப்புகள் உள்ளே இருப்பின் அவற்றை வெளியே எடுத்த பின்னரே மீளநிறுவுக. இதற்கு உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்குதளத்தைப் பென் டிரைவில் இட்டு, நிறுவாமலே இயக்கி, வன்தட்டில் உள்ள கோப்புகளை வேறொரு வன்தட்டுக்கு மாற்றலாம்.

இரண்டாவது எச்சரிக்கை பூட்டெழுத்துப் பற்றியது. இக்கால விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் வன்தட்டு பிட்லாக்கர் என்னும் முறையால் பூட்டப்பட்டிருக்கும். பழுதுநீக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கணிப்பொறி கேட்கும். அஃது இல்லையேல் வன்தட்டு நன்றாக இருந்தும் கோப்புகள் கிட்டா. அவ்வெண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதனைத் தேடித் தாளில் எழுதி, கணிப்பொறியோடு வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துக.

முடிவுரை

சுருங்கக் கூறின், கோப்புகளுக்கு மூன்று பிரதிகள். கணிப்பொறிக்கு ஒரு மீட்புப் பென் டிரைவ். பூட்டுக்கு ஓர் எண். ஒரு வெளி வன்தட்டும் ஒரு பென் டிரைவும் வாங்கும் செலவும், ஒரு விடுமுறை நாளின் முற்பகலும் இதற்குப் போதும்.

மாணவர்கள் தம் ஆய்வேட்டின் அடுத்த இயலைத் தொடங்குமுன் இதனைச் செய்தல் வேண்டும். ஆசிரியர்கள் தம் நெறியாள்கையில் உள்ள ஒவ்வொருவரிடமும் இயல் எங்கே என்று கேட்பதோடு அதன் படி எங்கே என்றும் கேட்டல் வேண்டும். நிறுவனங்களின் பதிவேடுகளையும் கணக்குகளையும் பேணும் பெரியவர்கள், அவற்றின் படி எவரிடம் உள்ளது, திறவுச்சொல்லும் மீட்பு எண்ணும் எங்குள்ளன என்பவற்றைப் பொறுப்பாளர் இருவரேனும் அறியுமாறு செய்தல் வேண்டும். ஒருவர் மட்டுமே அறிந்த திறவுச்சொல், அவர் இல்லாத நாளில் ஒருவர்க்கும் உதவாது.