கையில போன் இருக்கு... பேச்சு இல்லே!

கம்பம் பள்ளத்தாக்கைத் தவிக்க விட்ட டவர். பட்டன் போனுக்கும் ஒரு நாள் வருமா?

தேனி-

கையில் செல்போன் இருக்கிறது. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. முந்தாநாள் போட்ட ரீசார்ஜ் பணமும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒருவருடனும் பேச முடியவில்லை!

இந்தக் கூத்து நடந்தது 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அந்த வாரம்தான் மதுரையில் நடிகர் கமல்ஹாசன் கட்சி தொடங்கினார். ஊரெல்லாம் அதே பேச்சு. அதைப் போனில் பேசத்தான் பல பேருக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

ஏர்செல் கம்பெனியின் டவர்கள் தமிழ்நாடு முழுவதும் படுத்துவிட்டன. தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலைக்கு நடுவே கிடக்கும் நம் பள்ளத்தாக்கும் தப்பவில்லை.

ரீசார்ஜ் கடைகளில் அந்த நாட்களில் இந்த மாதிரிப் பேச்சுதான்:-

"தம்பி, இந்தப் போனைக் கொஞ்சம் பாருப்பா. நேத்து ராத்திரி கூட மகன்கிட்ட பேசினேன். இன்னைக்கு என்னமோ இங்கிலீசுல காட்டுது."

"செட்டுல ஒண்ணும் இல்லே அம்மாச்சி. கம்பெனியே படுத்துருச்சு."

"கம்பெனி படுத்தா, நான் போட்ட காசு?"

கடைக்காரர் என்ன செய்வார், பாவம்! தலையைச் சொறிந்தார்.

வீட்டை விற்று வாடகைக்கு...

ஏர்செல் ஏதோ வெளியூர்க் கம்பெனி இல்லை. 1999-ம் ஆண்டில் சென்னைத் தொழில் அதிபர் சிவசங்கரன் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2006-ல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் பெரும் பங்கை வாங்கியது. அதன் முதலாளி ஆனந்த கிருஷ்ணனும் யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட தமிழர்தான்.

'நம்ம ஊரு கம்பெனி' என்று ஜனங்கள் நம்பினார்கள். மலை அடிவாரக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் அதன் கார்டு தொங்கியது. தோனி அணியின் மஞ்சள் சட்டையிலும் அந்தப் பேர்தான்.

பிறகு ஏன் படுத்தது?

2010-ம் ஆண்டு ஏர்செல் தனக்குச் சொந்தமான 17,500 டவர்களை சுமார் ரூ.8,400 கோடிக்கு வேறொரு கம்பெனிக்கு விற்றது. அதே டவர்களுக்கு அப்புறம் வாடகை கட்டியது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருந்த கதை!

2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக இறங்கியது. மற்ற கம்பெனிகளின் கல்லாப்பெட்டி காலியானது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சுடன் ஏர்செல் சேரப் போகிறது என்றார்கள். 2017 அக்டோபரில் அந்தச் சம்பந்தமும் முறிந்தது. 2018 ஜனவரியில் குஜராத், மராட்டியம் முதலான 6 இடங்களில் கடையைக் கட்டியது. அப்புறம் வாடகைத் தகராறு முற்றி, தமிழ்நாட்டிலும் டவர்கள் நின்றன. பிப்ரவரி 28-ந் தேதி திவால் மனு.

போனதெல்லாம் நம்பர்!

'ஒரு சிம் போனால் இன்னொரு சிம். அம்பது ரூபாய் சமாச்சாரம்' என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கம்பம் பள்ளத்தாக்கைத் தெரியாதவர்கள்.

இங்கே விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம் மெட்டு வழியாக, குமுளி வழியாக, போடி மெட்டு வழியாக, கேரளத்து இடுக்கி மலையில் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்கள் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நாளைக்கு வேலை உண்டா, எத்தனை ஆள் வேணும், ஜீப் எந்த முக்கில் நிற்கும் என்பதெல்லாம் ராத்திரி ஒரு போனில்தான் முடிவாகும். கங்காணி கையில் இருப்பது ஒரே நம்பர். அந்த நம்பர் செத்தால் மறுநாள் கூலியும் போச்சு.

திராட்சைத் தோட்டக்காரருக்கும் அதே கதி. பன்னீர் திராட்சை பழுத்துவிட்டால் கொடியில் காத்திருக்காது. வியாபாரி கூப்பிட வேண்டும், விலை பேச வேண்டும், வண்டி வர வேண்டும். போடியில் ஏலக்காய்க்கு ஏலம் நடக்கிறது; அன்றைய விலை என்ன என்பது மலைக்கு மேலே போனில்தான் போகிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பேங்கு!

அந்த நேரம் பார்த்துத்தான் 'ஆதாரைச் சேர், நம்பரைச் சேர்' என்று வங்கிகள் விரட்டிக்கொண்டிருந்தன. மார்ச் 31 கெடு என்றார்கள். (பிறகு சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளி வைத்தது வேறு விஷயம்.) ஜனங்களும் கியூவில் நின்று நம்பரைக் கொடுத்து முடித்திருந்தார்கள். 2017-ல் வந்த ஸ்மார்ட் ரேஷன் கார்டிலும் அதே நம்பர். கேஸ் சிலிண்டர் பதிவுக்கும் அதே நம்பர். எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தால், ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தது!

கிணற்றுக்குள் விழுந்தவனுக்குக் கயிறு

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 'போர்ட்' என்று அடித்து 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு ரகசிய எண் வரும். அதைக் கொண்டு போய்ப் புது கம்பெனியில் கொடுக்க வேண்டும்.

ஆனால் மெசேஜ் அனுப்ப டவர் வேண்டுமே!

கிணற்றுக்குள் விழுந்தவனைப் பார்த்து, 'மேலே ஏறி வா, கயிறு தருகிறேன்' என்று சொன்னது போல ஆகிவிட்டது. ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கும் மேட்டுக்கும் அலைந்தார்கள். பெரிய ஊர்களில் ஏர்செல் அலுவலகங்கள் முன்பு கூட்டம் முட்டி மோதியது.

கடைசியில் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அந்த எண்ணைக் கொடு, ஏப்ரல் 15 வரை அது செல்லும் என்று உத்தரவு போட்டது. விவரம் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். சேதி எட்டாதவர்கள் நம்பரைப் பறிகொடுத்தார்கள்.

இத்தனைக்கும் முன்கூட்டி ஒரு அறிவிப்பு இருந்ததா? தந்தியை நினைத்துப் பாருங்கள். யாருமே அனுப்பாத தந்தி சேவையை 2013 ஜூலையில் மூடினார்கள். அதற்கே ஒரு மாதம் முன்னால் அறிவித்து, கடைசித் தந்தி கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கோடிக்கணக்கான பேர் பேசிக்கொண்டிருந்த போனுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

ரூ.501 செட் என்ன ஆச்சு?

ஏர்செல் விவகாரத்தில் ஒரு ஆறுதல் உண்டு. நம்பர் போனாலும் செட் பிழைத்தது. வேறு சிம்மைப் போட்டால் மறுபடி பேசும்.

அதற்கு முன்னால் செட்டே செத்த கதை ஒன்று இருக்கிறது.

2003-ம் ஆண்டு ஜூலை. ரூ.501 கட்டினால் கையில் செல்போன் என்று ரிலையன்ஸ் அறிவித்தது. மீதிப் பணம் தவணையில். தபால் கார்டை விட மலிவாகப் பேச வேண்டும் என்பது திருபாய் அம்பானியின் ஆசை என்றார்கள். அதே ஆண்டு மே மாதம்தான் வருகிற காலுக்குக் காசு இல்லை என்று ஆகியிருந்தது. சும்மா இருப்பார்களா? கூட்டம் அள்ளியது. 'மிஸ்டு கால்' என்ற வார்த்தை ஆத்தா வாயில்கூட வந்தது.

ஆனால் அந்த செட்டுகள் சி.டி.எம்.ஏ. என்ற வேறு ஜாதி. தொடக்கத்தில் வந்தவற்றில் சிம் கார்டு கிடையாது. நம்பரையே செட்டுக்குள் எழுதிவிட்டார்கள். கழற்றி வேறு செட்டில் மாட்ட முடியாது. வேறு கம்பெனிக்கும் ஒத்து வராது.

2016-ல் ரிலையன்ஸ் தன் சி.டி.எம்.ஏ. டவர்களை 4ஜி-க்குத் திருப்பியது. அப்புறம் என்ன? நல்ல நிலையில் இருந்த செட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல் ஆனது! 2017 டிசம்பர் 1-ல் அந்தக் கம்பெனியின் மற்ற பேச்சு சேவையும் நின்றது. சொந்தக்காரர் நம்பர், வியாபாரி நம்பர், டாக்டர் நம்பர் எல்லாம் அந்தச் செட்டுக்குள். அதை வேறு தாளில் எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

இப்படிப்பட்ட செட்டு இன்றும் பல வீட்டுப் பரணில் கிடக்கும். டார்ச்சாகக்கூட உதவாது, பேட்டரி ஊதியிருக்கும்.

அடுத்து யார்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். பட்டன் போன் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சின்ன செட்டுகளில் பழைய மாடல்கள் எல்லாம் 2ஜி. நடுவில் வந்த 3ஜி-யை ஏர்டெல் 2020-ம் ஆண்டு மார்ச்சிலேயே மூடிவிட்டது. 'அண்ணன் இருக்கத் தம்பி போன' கதைதான்! காரணம் உண்டு. 3ஜி நின்றால் இன்டர்நெட் மட்டும் போகும். பேச்சு 2ஜி-யில் தொடரும். 2ஜி நின்றால் பட்டன் போனுக்குப் போக்கிடம் இல்லை.

மலைக்காட்டில் 2ஜி-க்கு இன்னொரு பெருமை. அது பெரும்பாலும் ஓடுவது 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அந்த அலை தூரமாகப் போகும். 3ஜி-க்குப் பெரும்பாலும் பயன்பட்ட 2100-ன் அலை அவ்வளவு தூரம் போகாது. மேகமலைப் பக்கமோ குரங்கணிப் பக்கமோ போனவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு கோடு சிக்னலின் அருமை!

ஜியோவில் 2ஜி முதலிலிருந்தே கிடையாது. அதன் முதலாளி முகேஷ் அம்பானி 2020 ஜூலையில், 2ஜி-யில் 30 கோடிப் பேர் சிக்கிக் கிடக்கிறார்கள், அதை ஒழிக்க வேண்டும் என்று பேசினார். 2023 ஜூலையில் ரூ.999-க்கு 4ஜி பட்டன் போனையும் இறக்கினார்கள். ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 2ஜி-யை இன்னும் விடவில்லை. அரசாங்கம் தேதி எதுவும் குறிக்கவில்லை.

சிங்கப்பூரில் குறித்தார்கள். 2017 ஏப்ரலில் 2ஜி நிற்கும் என்று 2015-லேயே சொல்லிவிட்டார்கள். நம்ம ஊர்க் கூலி ஆட்கள் பலர் அங்கே சின்ன செட்டு வைத்திருந்தார்கள். மாற்றிக்கொள்ள இரண்டு வருஷம் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் 2024-ம் ஆண்டு 3ஜி-யை மூடி முடித்தார்கள். அங்கே ஒரு விசித்திரம். சில 4ஜி செட்டுகளிலும் சாதாரணப் பேச்சு போகும். ஆபத்து நேரத்தில் அழைக்கும் 000 நம்பருக்கு மட்டும் 3ஜி-யைத் தேடும். அதனால் அந்த செட்டுகளையும் சேர்த்து முடக்கினார்கள்.

நம்ம ஊரிலும் அந்தக் குழப்பம் உண்டு. '4ஜி போன்தானே, பயமில்லை' என்று இருக்காதீர்கள். ஆரம்பத்தில் வந்த சில 4ஜி செட்டுகள் இன்டர்நெட்டுக்கு மட்டும் 4ஜி-யைப் பிடிக்கும். பேசும்போது 2ஜி-க்கு இறங்கிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். யாருக்காவது போன் போடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது மேலே மூலையில் பாருங்கள். 4ஜி என்றோ, வோல்ட்டி என்றோ நின்றால் சரி. 2ஜி என்றோ, 'ஈ' என்ற ஆங்கில எழுத்தோ வந்தால் அது பழைய டவரை நம்பிப் பேசுகிற செட்டு. முதலில் செட்டிங்சில் வோல்ட்டியை 'ஆன்' பண்ணிப் பாருங்கள். சில செட்டில் அது இருந்தும் அணைந்து கிடக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம்பர் ஒரேயடியாக நின்றுபோனால், 90 நாளுக்குப் பிறகு அதை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். பேங்கில் பழைய நம்பரே இருந்தால்? உங்கள் கணக்கின் ஓ.டி.பி. எவனோ ஒருவன் சட்டைப்பையில் போய் ஒலிக்கும்! நம்பர் மாறினால் முதல் வேலை பேங்கு. அப்புறம் கேஸ், ரேஷன். ஜீப்காரரிடம் சொல்ல மறந்தாலும் அவர் வீட்டுக்கே வந்து சத்தம் போடுவார், பேங்கு வராது.

வீட்டில் பெரியவர்கள் கையில் பட்டன் போன் இருந்தால் இன்று ராத்திரியே வாங்கிப் பாருங்கள். அட்டைப் பெட்டியைத் தேட வேண்டாம். அது எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றினால் உள்ளே மாடல் பேர் ஒட்டியிருக்கும். அதைச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் 2ஜி-யா 4ஜி-யா என்று சொல்லிவிடுவார். அப்படியே அதில் உள்ள நம்பர்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.