ஒரு பாயின்ட்டுக்கு 45 ஆயிரம் ரூபாய்: வெளிநாட்டு டென்னிஸ் தொடர்களில் ஆட எவ்வளவு செலவாகும்?

2023 செப்டம்பரில் இந்தியாவின் நம்பர் 1 ஒற்றையர் வீரர் சுமித் நாகல் பிடிஐ செய்தி நிறுவனத்துக்கு ஒரு பேட்டி கொடுத்தார். தன் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோதான், அதாவது சுமார் 80 ஆயிரம் ரூபாய் என்றார். அந்த வருஷம் அதுவரை 24 தொடர்களில் ஆடி சுமார் 65 லட்சம் ரூபாய் பரிசுப் பணம் வாங்கியிருந்தவர் அவர்.

அப்போ அந்தப் பணமெல்லாம் எங்கே போச்சு? பதிலும் அதே பேட்டியில் இருந்தது. ஒரே ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடவே வருஷத்துக்கு 80 லட்சம் முதல் 1 கோடி வரை ஆகிறது. பிசியோ இல்லாமல்!

உலகின் முதல் 200 பேருக்குள் இருந்தவருக்கே இந்த நிலைமை என்றால், 800-வது இடத்தில் இருப்பவர் என்ன செய்வார்? தரவரிசையில் பெயரே இல்லாத 18 வயசுப் பையனோ பொண்ணோ எங்கிருந்து ஆரம்பிப்பார்கள்? நாம் டிவியில் பார்க்காத அந்த டென்னிஸ் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

ஏணியில் எத்தனை படி?

மேலிருந்து வருவோம். உச்சியில் நான்கு கிராண்ட் ஸ்லாம் தொடர்கள். அதற்குக் கீழே ஏடிபி டூர். சென்னையில் 2017 வரை நடந்த ஓபன் இந்த வகைதான். அதற்கும் கீழே சேலஞ்சர் தொடர்கள். கடைசிப் படி, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு (ஐடிஎஃப்) நடத்தும் வேர்ல்ட் டென்னிஸ் டூர்.

இந்தக் கடைசிப் படியில் ஆண்களுக்கு எம்15, எம்25 என்று இரண்டு வகை. பெண்களுக்கு டபிள்யூ15-ல் ஆரம்பித்து 35, 50, 75, 100 வரை போகிறது. எம்15 என்றால் மொத்தப் பரிசுத் தொகை 15 ஆயிரம் டாலர். ஒருத்தருக்கு இல்லை, ஒற்றையர், இரட்டையர் என ஆடும் எல்லோருக்கும் சேர்த்து.

முதல் பாயின்ட் கிடைப்பது எப்படி?

எம்15 தொடரின் பிரதான சுற்றில் 32 பேர். முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் 1 ஏடிபி பாயின்ட். காலிறுதிக்குப் போனால் 2, அரையிறுதிக்கு 4, இறுதிக்கு 8, கோப்பைக்கு 15.

கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் தரவரிசை இல்லாதவர் பொதுவாக நேராகப் பிரதான சுற்றுக்குள் போக முடியாது. வைல்டு கார்டு கிடைக்கணும், இல்லையென்றால் தகுதிச் சுற்றில் ஜெயித்து வரணும். தகுதிச் சுற்றில் எத்தனை ஜெயித்தாலும் பிரதான சுற்றில் முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வாரம் ஏடிபி கணக்கில் பூஜ்யம்தான்.

இன்னொன்று, இந்தப் பாயின்ட்டுகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். போன வருஷம் இதே வாரத்தில் வாங்கிய பாயின்ட் இந்த வருஷம் இதே வாரத்தில் கழிந்துவிடும். அதனால் 'கொஞ்சம் காசு சேர்த்துட்டு அப்புறம் ஆடலாம்' என்று வீட்டில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் தரவரிசை சரியும். சரிந்தால் மறுபடி தகுதிச் சுற்று.

சரி, கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

எம்15-ல் முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். இரண்டாவது சுற்றில் தோற்றால் 258. காலிறுதியில் தோற்றால் 438. ஐந்து ஆட்டமும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினால் 2,160 டாலர்.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவர் நான்கு வாரம் வெளிநாட்டில் ஆடுகிறார். போக வர விமான டிக்கெட் 60 ஆயிரம். தங்க, சாப்பிட ஒரு நாளைக்கு 5 ஆயிரம் என்றால் 28 நாளைக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். ராக்கெட்டுக்கு நரம்பு கட்ட, துணி துவைக்க, டாக்ஸிக்கு எல்லாம் சேர்த்து 20 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரம். பயிற்சியாளர் கிடையாது, தனியாகப் போகிறார்.

நான்கு வாரத்தில் இரண்டு முறை முதல் சுற்றில் தோல்வி, ஒரு முறை இரண்டாவது சுற்று, ஒரு முறை காலிறுதி. இந்த மட்டத்தில் இது மோசமான மாதம் இல்லை. வருமானம் 1,008 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 86 ஆயிரம் ரூபாய். அதிலும் அந்த நாட்டின் வரி போகும்.

கையிலிருந்து போவது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம். கிடைத்தது 3 பாயின்ட். ஒரு பாயின்ட்டின் விலை ஏறக்குறைய 45 ஆயிரம் ரூபாய். நம்மில் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

ஐடிஎஃப் அமைப்பே இதை ஆராய்ந்திருக்கிறது. 2013-ம் ஆண்டுக் கணக்குப்படி, தொழில்முறைத் தொடர்களில் ஆடிய சுமார் 14 ஆயிரம் பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரு டாலர்கூடப் பரிசுப் பணம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் ஆட ஆணுக்கு சராசரியாக 38,800 டாலர், பெண்ணுக்கு 40,180 டாலர் செலவு. பயிற்சியாளர் சம்பளம் இதில் சேராது. வரவும் செலவும் சரியாக வந்தது ஆண்களில் 336 பேருக்கு, பெண்களில் 253 பேருக்கு மட்டுமே.

துனிசியாவில் ஏன் இத்தனை இந்தியர்கள்?

ஐடிஎஃப் முடிவுகளைப் பார்த்தால் மூன்று ஊர்ப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக். சுற்றுலா விடுதிகளை ஒட்டிய மைதானங்களில் இங்கே வாரா வாரம் தொடர் நடக்கும். ஒரே ஊரில் நான்கைந்து வாரம் ஆடினால் ஒரு விமான டிக்கெட்டோடு வேலை முடிகிறது. அறையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம், இரட்டையரில் ஜோடியும் சேரலாம். இந்தியாவிலும் இந்தத் தொடர்கள் நடக்கின்றன. ஆனால் வருஷம் முழுக்க வாரா வாரம் இல்லை.

பணம் இருந்தும் போக முடியாமல் போவது எப்போ?

விசாதான் காரணம். திங்கட்கிழமை தொடங்கும் ஐடிஎஃப் தொடருக்கான நுழைவு, 18 நாள் முன்னால் வரும் வியாழக்கிழமை மூடப்படும். அதற்கு அப்புறம்தான் பட்டியலில் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கான சாதாரணப் பரிசீலனைக் காலமோ 15 நாள். சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை இழுக்கலாம். கிடைத்தாலும் குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். ஒரு முழுக் கோடைக்கால சீசனுக்கு அது போதாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். நம்ம ஊரில் ஒரே தெருவில் இரண்டு விதமான பாஸ்போர்ட் உண்டு. 1962-ல் பிரான்ஸுடனான ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள இங்கிருந்தவர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு இருக்கிறார்கள்.

ஒரே மைதானத்தில் ஒரே கோச்சிடம் கற்றுக்கொண்ட இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருப்பவர் நாளைக்கே டிக்கெட் போட்டு ஐரோப்பாவில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்கி ஆடலாம். வார நாளில் தொடர், வார இறுதியில் காசு தரும் கிளப் லீக் ஆட்டம் என்று பிழைத்துக்கொள்ளலாம். இந்திய பாஸ்போர்ட் இருப்பவர் முதலில் விசா அலுவலகத்தில் கைரேகை வைக்கணும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மட்டுமே இந்தியாவுக்காக ஆடலாம் என்று 2008-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிவந்த விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ் அமெரிக்கக் குடிமகன் என்பதால் இந்த விதியில் சிக்கினார். அதாவது வழியைத் திறக்கும் பாஸ்போர்ட், கொடியை வாங்கிக்கொள்கிறது.

ஆள் இல்லாத மைதானத்தில் யார் பணம் கட்டுகிறார்கள்?

இந்த ஆட்டங்களைப் பார்க்க பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்கோர் நேரலையில் போகும், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ அதன் மீது சூதாட்டப் பணம் கட்டியிருப்பார். கையில் 156 டாலரோடு நிற்கும் ஆட்டக்காரரிடம் 'இந்த செட்டை விட்டுக்கொடு, சில ஆயிரம் டாலர் தருகிறேன்' என்று ஒருவர் வந்தால்? கீழ்மட்டத் தொடர்களில் இது தீவிரமான பிரச்சினை என்று டென்னிஸ் அமைப்புகளே நியமித்த சுயாதீன ஆய்வுக் குழு 2018-ல் சொன்னது. சிக்கினால் ஆயுள் தடை வரை போகலாம். நேர்மையாக ஆடித் தோற்றவருக்கும் நிம்மதி இல்லை. பணம் இழந்தவர்களின் வசவு அன்றிரவே இன்ஸ்டாகிராமில் வந்துவிடும்.

தாண்டி வந்தவர்கள் யார்?

சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயங்களால் பல வருஷங்களை இழந்தவர். 2019-ல், 29 வயதில், நான்கு கிராண்ட் ஸ்லாம்களின் பிரதான சுற்றிலும் ஆடினார். உலகத் தரவரிசையில் 75 வரை போனார். 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார்.

சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-ல் அன்டால்யாவில் அப்போதைய உலகின் 8-ம் நிலை வீரர் டொமினிக் தீமை வீழ்த்தியவர். இருந்தும் ஆறு சேலஞ்சர் இறுதிப் போட்டிகளில் தோற்ற பிறகுதான் 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் முதல் சேலஞ்சர் ஒற்றையர் கோப்பை கிடைத்தது. முதல் 100-க்குள் அவர் நுழையவே இல்லை. சிறந்த இடம் 111.

கோவையின் ஸ்ரீராம் பாலாஜி இரட்டையரைப் பிடித்துக்கொண்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோஹன் போபண்ணாவோடு ஆடினார். மதுரையின் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கல்லூரி டென்னிஸ் வழியே வந்தவர். தரவரிசையில் 600-க்கும் கீழே இருந்தபோது, 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் அறிமுகமாகி, தன்னைவிடப் பல நூறு இடம் மேலே இருந்தவரை வென்றார்.

நாகல் என்ன ஆனார்? 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து 31-ம் தரநிலை அலெக்ஸாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு இந்தியர் தரநிலை பெற்றவரை வென்றது 1989-ல் ரமேஷ் கிருஷ்ணனுக்கு அப்புறம் அதுதான் முதல் முறை. இரண்டாவது சுற்றுக்குப் போனதற்கே 1 லட்சத்து 80 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர், கிட்டத்தட்ட 98 லட்சம் ரூபாய். ஒரு வருஷச் செலவு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அடுத்த மாதமே சென்னை சேலஞ்சரை வென்று முதல் 100-க்குள் போனார்.

இந்த விளையாட்டின் பொருளாதாரம் இப்படித்தான். பணம் படிப்படியாகக் கூடுவதில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று கொட்டுகிறது. 2024-ல் ஏடிபி கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் முதல் 250 பேருக்குத்தான். அந்த வருஷம் 176 முதல் 250 வரை இருந்தவர்களுக்கு 75 ஆயிரம் டாலர். 251-வது ஆளுக்கு இல்லை.

வீட்டில் ஒரு ஆட்டக்காரர் இருந்தால்?

முதல் பாயின்ட்டுகளை இந்தியாவிலேயே தேடுவது, ஒரே ஊரில் பல வாரம் ஆடுவது, இரட்டையரை விட்டுவிடாமல் இருப்பது, கல்லூரி உதவித்தொகை வழியையும் யோசிப்பது எல்லாம் செலவைக் குறைக்கும். அதைவிட முக்கியமாக, டிக்கெட் போடுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து இரண்டு எண்களை எழுதிவைப்பது நல்லது: எத்தனை வருஷம், எத்தனை லட்சம். அந்த எல்லை வந்ததும் நிறுத்துவது தோல்வி இல்லை என்பதையும் அன்றைக்கே பேசிவிடலாம்.

புதுச்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் மைதானம் சுமார் 150 கிலோமீட்டர்தான். அடுத்த முறை அங்கே சேலஞ்சர் நடக்கும்போது, இறுதிப் போட்டிக்குக் காத்திருக்காமல் ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்றுக்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். தோற்றவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் முதலில் போனில் பார்ப்பது அடுத்த ஊருக்கான டிக்கெட் விலையாகத்தான் இருக்கும்.