ஆகாயத்தாமரைக்கு அஞ்சாத படகு

தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளில் ரிமோட் படகு விடுபவர்களுக்கு முதல் எதிரி ஆகாயத்தாமரை. அதன் வேர் நீருக்கடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். நடு ஏரியில் நின்ற படகை எடுக்க யாராவது சேற்றில் இறங்கியாக வேண்டும். விசிறியைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் படகின் மேல் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

யோசனை பழையது. தொலைபேசி தந்த கிரகாம் பெல்லின் குழு 1905இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், விமான விசிறிகளைச் சோதிக்க இப்படியொரு படகைச் செலுத்தியது. நம் பக்கத்துச் சொந்தமும் ஒன்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், பெங்களூருவில் உருவாக்கிய 'நந்தி' ஹோவர்கிராஃப்ட். அது காற்று மெத்தைமேல் எழும்புவது. நம்முடையது தண்ணீரில் மிதந்தபடியே காற்றால் தள்ளப்படுவது.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் தண்ணீரில் விரலளவு விசிறி செய்யும் வேலைக்குக் காற்றில் 10 அங்குல விசிறி தேவைப்படுகிறது. ட்ரோன்களில் வரும் 2212 வகை, 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி, சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கும். 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரி, 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடம் ஓட்டலாம். அதற்குமேல் வற்றவிட்டால் பேட்டரி கெடும்.

உடலுக்குத் தெர்மாகோல். கரைப்பான் கலந்த ரப்பர் பசையைத் தடவினால் தெர்மாகோல் குழிந்து உருகிவிடும். வெள்ளை ஃபெவிகால்தான் சரி. அடிப்பாகம் தட்டையாக, 50 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். மொத்த எடை 1 கிலோ என்றால் படகு 1 சென்டிமீட்டர்தான் அமிழும். ஆர்க்கிமிடீஸ் கணக்கு இது. பாசிமேல் வழுக்கிப் போகும் ரகசியமும் இதுவே.

ஆனால் பெரிய விசிறி எதிலும் தட்டாமல் சுழல, அதன் அச்சு 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தள்ளுவிசை மேலே, தண்ணீரின் தடை கீழே. 600 கிராம் விசை கொடுத்தால் மூக்கு இன்னும் 1 சென்டிமீட்டர் தாழும். முன்பக்கத்தை மேல்நோக்கி வளைப்பதும் பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளுவதும் இதற்காகத்தான். விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு அவசியம். விரலை வெட்டும் வேகம் அதற்கு உண்டு. 2022இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணை போன்ற பறவை வாழிடங்களில் படகை இறக்க வேண்டாம்.

சுக்கான் இருப்பது தண்ணீரில் அல்ல, விசிறிக் காற்றின் பாதையில். மோட்டார் நின்றால் காற்றும் இல்லை, திருப்பமும் இல்லை. பிரேக்கோ முதலிலிருந்தே கிடையாது. கரை நெருங்கும்போது பதறி விசையை முழுதாகக் குறைத்தால் படகு நேராகப் போய் மோதும். கொஞ்சம் விசை கொடுத்துத்தான் திருப்ப வேண்டும்.